நாலாவது காம்பு

நொச்சிவலசில் ராக்கியண்ணனுடைய வைக்கோல் கன்று எழுந்து நடந்த அன்று காலை, ஊருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பால் சொசைட்டி புதிதாகத் தொடங்கியிருந்த சமயம், கேன் எடுக்க வரவேண்டிய வேன் வெயில் ஏறியும் வந்து சேரவில்லை, பால் திரிந்துவிடுமோ என்று ஊரே சொசைட்டி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் ராக்கியண்ணன் தன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவனுக்குப் பின்னால் கழுத்தில் கயிறில்லாமல் கன்றும் வந்தது, அது நடக்க நடக்க வயிற்றுக்குள் வைக்கோல் சரசரத்தது.

"ஏனப்பா, கன்னு செத்துப்போச்சுன்னாங்க?" என்றார் ஒருத்தர்.

"செத்துத்தானுங்க போச்சு."

"அப்பறம்?"

"காத்தால பாத்தா எந்திரிச்சு நிக்குதுங்க."

"சரி சரி. வேன் வருதான்னு ரோட்டுப் பக்கம் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு."

ராக்கியண்ணன் ரோட்டுக்குப் போனான், கன்றும் கூடவே போனது, வேன் வந்தது. இப்படித்தான் அது ஊருக்குள் வந்தது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டு மாடு கன்றின் முகம் பார்க்காமல் பால் இறக்காது. கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, கோணி ஊசியால் வயிற்றைத் தைத்து, காலுக்குக் குச்சி கொடுத்து, தாயின் முகத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்க்கும். தன் வாசனைதான் என்று தெரிந்ததும் நக்க ஆரம்பிக்கும், நக்க நக்க மடி இறங்கும், பின்னால் செம்போடு உட்கார்ந்திருப்பவன் கறந்துகொள்வான். ஏமாற்று வேலைதான். ஊர் ஊராக நடக்கிற ஏமாற்று வேலை என்பதால் யாருக்கும் அது அப்படித் தோன்றுவதில்லை. ராக்கியண்ணனும் தன் சாம்பல் வெள்ளை மயிலைப் பசுவுக்கு அதைத்தான் செய்தான். பிறந்தபோது இருந்த செவலை நிறம் இன்னும் வெளுக்காத காளைக்கன்று அது. கண் இருந்த இடத்தில் இரண்டு கொட்டமுத்து வைத்துத் தைத்தான், ஆமணக்கு விதைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர், பளபளவென்று நிஜக் கண் மாதிரியே இருந்தது. மயிலை அதை நக்கியது, பால் கொடுத்தது, ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகுதான் அது எழுந்து நின்றது.

அது எப்படி எழுந்தது என்று யோசிக்க ராக்கியண்ணனுக்கு மனசு போகவில்லை. எதற்காக எழுந்தது என்பது அவனுக்குத் தெரியும் என்று நினைத்தான். ஏனென்றால் அந்தக் கன்று நோய் வந்து சாகவில்லை, பசியில் செத்தது. அதைப் பட்டினி போட்டவன் ராக்கியண்ணன்.

பால் கறக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூன்று காம்பு மனுஷனுக்கு, நாலாவது காம்பு கன்றுக்கு. மடி எவ்வளவு இறங்கினாலும், வீட்டில் எத்தனை வாய் காத்திருந்தாலும், அந்த நாலாவதில் கை வைக்கமாட்டார்கள். ராக்கியண்ணனும் வைத்ததில்லை, பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் அங்காத்தாளுக்குக் குழந்தை பிறக்கும்வரை. பிரசவத்தோடு அவளுக்கு ஜன்னி கண்டு பால் வற்றிப்போனது, பிள்ளை வீறிட்டு அழுதது, அவள் புருஷன் கையில் ஒரு போசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ராக்கியண்ணன் வாசலில் வந்து நின்றான். மூன்று காம்புப் பாலும் சொசைட்டிக்கு என்று சொல்லியாகிவிட்டது. ராக்கியண்ணன் நாலாவது காம்பைக் கறந்து போசியில் ஊற்றினான். அதில் ஒரு தப்பும் இல்லை, அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கன்றுக்கு மடியில் ஒட்டியிருந்த சொச்சம் கிடைத்தது, முட்டி முட்டி அதைக் குடித்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை தேறியது. அங்காத்தாளும் எழுந்து நடமாடினாள். போசி மட்டும் நிற்கவில்லை, தினமும் வந்தது. போசி வந்தால் ராக்கியண்ணன் ஊற்றினான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் அபிஷேகத்துக்கு என்று பூசாரி ஒரு செம்பு கேட்டார், அதையும் ஊற்றினான். வாத்தியாருக்கு வயிற்றுப்புண் என்று அவர் வீட்டிலிருந்து டம்ளர் வந்தது, அதற்கும் ஊற்றினான். அவனுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. பிறவியிலேயே அப்படி. கேட்டவர் முகம் சுண்டிப்போகுமே என்ற பயம் அவனுக்குப் பேய்ப் பயத்தைவிடப் பெரியது. ஊரில் எல்லோருக்கும் வாய் இருந்தது, கேட்டார்கள். கன்றுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் கடப்பாரை இரவல் வாங்க அங்காத்தாள் சாளைக்குப் போனான். வெயிலில் வந்த மனுஷன் என்று அவள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மோரேது அம்மிணி? உங்கூட்டுல மாடில்லியே?"

"உங்க பாலுதானுங்ணா. பையனுக்கு இப்ப எனக்கே பாலு ஊறுதுங்க. பாலு மிச்சமாப் போவுதுன்னு தோய ஊத்தறனுங்க. உப்புச் சரியா இருக்குதுங்களா?"

ராக்கியண்ணன் குடித்தான். உப்புச் சரியாகத்தான் இருந்தது. "நல்லாருக்குதம்மிணி," என்று சொல்லவும் சொன்னான். திரும்பி வந்தால், கட்டுத்தறியில் கன்று முளைக்குச்சியை நக்கிக்கொண்டு நின்றது, விலா எலும்பை எண்ணிவிடலாம்போல் இருந்தது. மறுநாள் காலையில் போசி வந்தது. இனிமேல் வேண்டாமே, கன்று மெலிகிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வந்தும் அவன் போசியை நிறைத்துக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி பழனாத்தாள் உள்ளேயிருந்து, "ஏனுங்க, கன்னு மூஞ்சியே செரியில்லீங்க," என்று சத்தமாகச் சொன்னபோது, "மெல்லப் பேசு புள்ள, வெளிய ஆள் நிக்கறாங்க," என்று அவளைத்தான் அடக்கினான். சில நாள் கழித்துக் கன்று படுத்தது, எழவில்லை. பிள்ளையைக் காப்பாற்றக் கொடுத்த பாலால் அது சாகவில்லை. மோராகிப்போன பாலால் செத்தது, அதில் ஒரு சொம்பு அவன் வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குக் கன்று எழுந்தது மட்டும் தெரியும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஊர் யோசித்தது. முதலில் மாட்டு டாக்டர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், உள்ளே வைக்கோல் சலசலப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் கோமாரிக்கு ஊசி போடும் மாசம் என்பதால் ஒரு ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். செத்தது வாசலில் நடமாடினால் தீட்டு ஆகாதா என்று நாலு பெண்கள் கேட்டார்கள், பூசாரி திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, தன் காலால் தானே நடக்கிற எதுவும் பிணமாகாது என்று தீர்ப்புச் சொன்னார். மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் மாலை போட்டார்கள். கொம்பு இல்லாததால் நெற்றியில் வண்ணத் தாளை ஒட்டினார்கள். மற்ற மாடுகள் அதன் தையலில் துருத்திக்கொண்டிருந்த வைக்கோலை இழுத்துத் தின்னப் பார்த்ததால், மேய்ச்சலுக்குக் கூட்டமாக விடக்கூடாது என்று முடிவானது. மழைக்காலத்தில் நனைந்து கனத்துப்போனால் இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் மெத்தையைக் காயவைப்பதுபோல் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். கறையான் ஏறிய வருஷம் ஊர் கூடிப் பயந்து, வேப்பெண்ணெய் தடவி, வாய்க்கால் பாசனத்து ஊரிலிருந்து புது நெல்வைக்கோல் வரவழைத்து, வயிற்றைப் பிரித்து மாற்றித் தைத்தார்கள். தைத்தபோது அது சும்மா நின்றது. அதற்குப் பிறகு அறுப்புக்கு அறுப்பு, முதல் கட்டு வைக்கோல் ராக்கியண்ணன் வீட்டுக் கன்றுக்கு என்பது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, "வைக்கக்கன்னு ஸ்டாப்பெல்லாம் எறங்கு," என்று கத்தினார்கள்.

அது எதையும் தின்னவில்லை, குடிக்கவில்லை, கத்தவில்லை, வளரவில்லை, செவலை நிறமும் வெளுக்கவில்லை. கறவை முடிந்து, தேடி வந்த போசிகளை நிறைத்த பிறகு, வர முடியாதவர்களுக்கு ராக்கியண்ணன் வீடு வீடாகப் பால் ஊற்றப் போகும்போது கூடவே போகும். அவன் ஊற்றுகிற ஒவ்வொரு வாசலிலும் நின்று, போசி நிறைவதைக் கொட்டமுத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு அடுத்த வாசலுக்கு நடக்கும். பெண்கள் வெளியே வந்து அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். குழந்தைகளை அதன் வயிற்றடியில் நுழைத்து எடுத்தால் சீர் என்கிற குழந்தை நோய் தட்டாது என்று ஒரு நம்பிக்கை பிறந்து, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அது எதற்காக வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. "அந்த மனுசனோட பாசந்தான். செத்தும் உட்டுப் போவ மனசு வரலை பாரு," என்றார்கள். ராக்கியண்ணன் இதைக் கேட்கும்போதெல்லாம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வான். அடக்கமான ஆள் என்று அதற்கும் பேர் வந்தது.

இன்னொன்றும் நடந்தது. மயிலைக்குப் பால் வற்றவே இல்லை. நாட்டு மாடு ஏழெட்டு மாசம் கறந்தால் அதிகம். மயிலை ஒரு வருஷம் கறந்தது, அடுத்த வருஷமும் கறந்தது, சினைக்கு நிற்கவே இல்லை, கன்று இன்னும் பால்குடி என்றே நினைத்து நாலு காம்பிலும் இறக்கிக்கொண்டே இருந்தது. அவள் ஒருத்தியின் பாலை நம்பி எத்தனையோ வீடுகளில் விடிந்தது. சொசைட்டியில் தினமும் முதல் கேனில் முதல் பால் மயிலையுடையதாகத்தான் விழவேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குப் பால் திரியும் என்று செக்ரட்டரி வையாபுரி உறுதியாக நம்பினார். கடுதாசியும் ரசீதும் படித்த மனுஷர், ஆனாலும் நம்பினார்.

ராக்கியண்ணன் நல்லவனாகவே வாழ்ந்தான். அதையும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பாவம். தம்பி கிணற்று வேலையில் செத்தபோது அவன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்துக் கல்யாணம் செய்துவைத்தான். யாருக்குப் பிரசவ வலி என்றாலும் வண்டி பூட்டுகிற முதல் ஆள் அவன். பாடை தூக்க ஆள் குறைகிற வீட்டுக்கு, சொல்லியனுப்பாமலே போய்த் தோள் கொடுப்பான். பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டியபோது தன் வேலையைப் போட்டுவிட்டு மண் சுமந்தான். ஒவ்வொன்றையும் செய்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான், கன்று நின்றுகொண்டிருக்கும். இந்த நல்லது போதுமா என்று அவன் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாமல் அடுத்த நல்லதைத் தேடிப் போவான். ஊர் அவனைத் தெய்வம் என்றது, அவனுக்குச் சோறு இறங்காமல் போனது.

காலையும் மாலையும் கறவை நேரத்தில்தான் அவன் படாத பாடு படுவான். மயிலையின் முகத்துக்கு முன்னால் முளையில் கன்றைக் கட்டவேண்டும், கயிற்றை ஒரு முழத்துக்குமேல் விடக்கூடாது, விட்டால் மடிக்குப் போய்விடும். வைக்கோலுக்குப் பசி ஏது என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் ஆரம்ப வருஷங்களில் அதன் மூஞ்சி எப்போதும் மடிப் பக்கமே திரும்பியிருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க அவன் மாட்டின் மறுபக்கம் உட்கார்ந்து கறக்கப் பழகிக்கொண்டான். போகப் போகக் கன்றின் மூஞ்சி திரும்புவதும் நின்றது. கட்டுவதற்கு முன்பே தானாகப் போய்த் தாயின் முகத்தடியில் நின்றுகொள்ளும்.

இனிமேல் அவனை அவன் என்று சொல்வது முறையில்லை. தலை நரைத்து, பல் போய், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, ராக்கியண்ணன் ஊருக்கெல்லாம் பெரியவர் ஆகிவிட்டார். மயிலைக்கும் வயசானது. எந்தப் பசுவும் இருக்காத காலம்வரை இருந்தாள். பல் விழுந்ததால் பழனாத்தாள் கம்மங்கூழ் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊட்டினாள். எலும்புமேல் தோல் தொங்கியது, படுத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும், மடி மட்டும் இளம்பசுவின் மடியாக நிறைந்து நின்றது. புதிதாக வந்திருந்த மாட்டு டாக்டரம்மா சின்ன வயசுப் பெண், மயிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, நிறைந்த மடியையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு எந்த நோவும் இல்லீங்கய்யா. சாகறதுக்குத்தான் நேரம் பாத்துட்டு இருக்குதுங்க. கன்னு இன்னும் பசியாறலைன்னு நெனைக்குது. அது பசியாறாம இது எப்படிங்க கண்ண மூடும்?"

ராக்கியண்ணன் திரும்பிக் கன்றைப் பார்த்தார். ஒரு உயிரைப் பட்டினி போட்டுக் கொன்றதுதான் தன் கணக்கில் இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். இன்னொரு உயிரைச் சாகவிடாமல் வைத்திருப்பதும் தன் கைதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று மாலையே கயிற்றை அவிழ்த்துவிடத்தான் நினைத்தார். அதற்குள் வாசலில் போசிகள் வந்துவிட்டன. அவர் மறுபக்கம் போய் உட்கார்ந்து கறந்தார்.

அந்த வருஷம் சொசைட்டிக்குப் பொன்விழா. தலைவர் குழந்தைவேலு, அங்காத்தாளின் மகன்தான், போசிப் பால் குடித்து வளர்ந்த பிள்ளை, இப்போது தொப்பையும் மீசையுமாக ஊருக்கு நல்லது கெட்டது பார்க்கிறவன். சொசைட்டி வாசலில் மயிலைக்கும் கன்றுக்கும் சிமெண்டில் சிலை வைத்து, ராக்கியண்ணன் கையால் திறக்கவேண்டும் என்று அவனே ஓடியாடி ஏற்பாடு செய்தான். "உங்க பாலுதானுங்க மாமா இந்த ஒடம்பு," என்று பார்க்கிறவர்கள் முன்னாலெல்லாம் அவர் காலைத் தொடுவான். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அந்த மோரின் உப்பு தொண்டையில் வந்து நிற்கும்.

விழாவன்று பந்தல் நிறைந்து கூட்டம். சிலையின் துணியை விலக்கினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், நிஜக் கன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்று சிமெண்ட் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பேசிப் பழக்கமில்லாத மனுஷர், மைக்கை உளிபோல் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் கும்பிடுங்க. நானொன்னு சொல்லோணும். இந்தக் கன்னு எம்மேல பாசத்துல வல்லீங்க. இதைய நாந்தான் கொன்னேன். நாலாவது காம்பையும் கறந்து கறந்து ஊத்திப்போட்டேன். பட்டினில செத்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்சேதான் செத்துச்சு. இத்தன வருசமாச் சொல்லாம உங்க கும்பிடை வாங்கிட்டு இருந்துட்டேன். இந்தச் சிலையை எடுத்துப்போடுங்க."

ராக்கியண்ணன் கல்லடிக்குத் தயாரானவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். வயசான வையாபுரி தட்டுத்தடுமாறி எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனசுன்னு! ஒரு கன்னுக்குட்டிக்காவ இத்தன காலம் நெஞ்சுக்குள்ள அழுதுட்டு இருந்திருக்கறாரு. இவரையாட்ட ஒருத்தரு எந்த ஊர்ல இருக்கறாரு, சொல்லுங்க!"

கைதட்டல் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. கீழே இறங்கி வந்தவரை ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "எங்கூட்டுல மட்டும் என்னுங்க, காளக்கன்னு பொழைச்ச சரித்திரமே இல்லீங்க," என்றார் ஒருத்தர். "ஊருக்காவத்தான பண்ணுனீங்க, உங்களுக்காவவா?" என்றாள் ஒருத்தி. குழந்தைவேலு கண் கலங்கி அவரைக் கட்டிப்பிடித்து, "எனக்காவ ஒரு உசுரையே குடுத்திருக்கறீங்களே மாமா," என்றான். உனக்காக இல்லையடா, உன் வீட்டு மோருக்காக என்று அவர் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று இழுத்துக்கொண்டு போனார்கள். கன்று எழுந்ததை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அதேபோல் கன்றைக் கொன்றதையும் ஏற்றுக்கொண்டார்கள், பாயசம் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். தண்டனை கேட்டுப் போனவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பழனாத்தாள் அவர் பக்கத்தில் நடந்து வந்தாள். முழங்கால் வலிக்கு நிற்பதும் நடப்பதுமாக வந்தாள்.

"ஊருக்கெல்லாஞ் சொல்லிப்போட்டீங்க."

"சொல்லிப்போட்டேன் புள்ள."

"ஊருக்கு என்னுங்க பண்ணுனீங்க? ஊர்ல ஆருக்குங்க பசிச்சுது?" என்றாள். சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "பசிச்சதுகிட்டப் போயிச் சொல்லுங்க."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ராக்கியண்ணன் கட்டுத்தறிக்குப் போனார். இரண்டு ஆள் வைத்து மயிலையை எழுப்பி நிறுத்திவிட்டு, வந்தவர்களை அனுப்பிவிட்டார். செம்பை எடுக்கவில்லை. கன்றின் கழுத்தைத் தடவி, கயிற்றை உருவி எறிந்துவிட்டு, "போ சாமி, போயிக் குடி," என்றார்.

கன்று நடந்தது. மடிக்குப் போகவில்லை. நேராகத் தாயின் முகத்துக்கு முன்னால் போய், முளைக்குப் பக்கத்தில், தினமும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டது. நின்று அவரைப் பார்த்தது, கறந்துகொள்ளுங்கள் என்பதுபோல.

ராக்கியண்ணன் அதை இழுத்து மடியடியில் விட்டார். அது திரும்பவும் முன்னால் போய் நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி போனது. குடிப்பதற்குத்தான் கன்று என்பதே அதற்கு மறந்துவிட்டது, தன் முகத்தைக் காட்டி அடுத்தவர்களுக்குப் பால் இறக்கிக் கொடுப்பதுதான் பிறப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், அந்த வயசான மனுஷர் சாணித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இப்படிப் பழக்கியது அவர்தான். அழுதுகொண்டே நாலாவது காம்பில் விரலை நனைத்தார். பிறந்த கன்றுக்குப் பழக்குவதுபோல் அதன் வாய்க்குள் விரலை விட்டார். வறண்ட வாய், உள்ளே வைக்கோல் குத்தியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் விரல் மெதுவாக இழுபட்டது. விரலோடு சேர்த்துக் கன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மடிக்குக் கொண்டுபோனார், விரலை எடுத்தார், காம்பைக் கொடுத்தார்.

கன்று குடித்தது. முட்டி முட்டிக் குடித்தது. பால் உள்ளே இறங்கி, வைக்கோல் ஊறி, தையல் வழியாகச் சொட்டியது, வயிறு கறுத்துக் கனத்தது. தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொல்லி அவர் கை ஒருமுறை நீண்டது, நீண்ட கையைத் தானே இழுத்துக்கொண்டார். ஒரு காம்பு முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது, நாலும் தொங்கிப்போகிறவரை குடித்துவிட்டு, நனைந்த வைக்கோலும் செவலைத் தோலுமாகக் கன்று தாயின் காலடியில் சரிந்து படுத்தது. மயிலை திரும்பினாள். இத்தனை காலம் முகத்தை மட்டும்தான் நக்கக் கிடைத்தது, இப்போது தலையிலிருந்து வால்வரை நிதானமாக நக்கினாள். நக்கி முடித்து, யார் உதவியும் இல்லாமல் தானே முன்னங்காலை மடக்கி அதன் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடினாள். பழனாத்தாள் கூழ்க் குழாயோடு வந்து பார்த்துவிட்டு, குழாயைக் கீழே வைத்தாள்.

"உன்னுதுதான் சாமி," என்று ராக்கியண்ணன் அந்த ஈரத் தோலைத் தடவிச் சொன்னார். "எல்லாமே உன்னுதுதான். நாந்தான் எடுத்து ஊத்திப்போட்டேன்."

வாசலில் போசிகளின் சத்தம் கேட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். முன்னால் குழந்தைவேலு நின்றான், விழா அலுப்பில் கண் சிவந்திருந்தது.

"மாமா, பாலுங்க."

ராக்கியண்ணன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் சொல்லாத சொல், அதைச் சொல்ல இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்ல கண்ணு."

"இன்னைக்கு இல்லீங்களா?"

"இனிமே இல்ல."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். அது சுண்டப்போகிறது, இதோ சுண்டிவிட்டது, இத்தனை காலம் பயந்தது இதோ வந்துவிட்டது என்று காத்து நின்றார்.

"சரிங்க மாமா," என்றான் குழந்தைவேலு. "கடையில பாக்கெட் வாங்கிக்கறனுங்க. பந்தக்காரன் வந்தானுங்களா? சாமியானாவ அவுக்கச் சொல்லோணும்." போசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அதில் தாளம் தட்டியபடி நடந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணும், "இல்லீங்களா? சரிங்க," என்று திரும்பினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படித்தான் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது. ஒருத்தர் முகமும் சுண்டவில்லை. அன்றைக்கு, மோர் குடித்த மறுநாள், அங்காத்தாளின் புருஷனிடம் சொல்லியிருந்தாலும் இதே மாதிரி, சரிங்ணா என்று போசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பான்.

ராக்கியண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பழனாத்தாள் பயந்துபோய் வெளியே ஓடி வந்தாள்.

"என்னுங்க? ஆராச்சும் என்னமாச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

"இல்ல புள்ள," என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார் ராக்கியண்ணன். "ஆரும் ஒன்னுமே சொல்லலை."